சுவரைப் பார்த்தபடி டைம்லைனை ஓட வைத்தவர்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நூலகத்து மேசையில் இந்தக் கையெழுத்து இதழைப் புரட்டுகிறவர்களுக்கு மற்றவர்களின் பக்கங்கள் அச்சடித்தது போல் இருக்கும். இந்தப் பக்கம் மட்டும் காற்றடித்த வேலி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். இதழை நடத்தும் பிள்ளைகள், நான் சொல்லச் சொல்லத் தாங்கள் எழுதித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். மார்சலினைப் பற்றி என் கையாலேயே எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. மெதுவாக எழுதுகிறேன். நீங்களும் மெதுவாக வாசியுங்கள்.

போன கிழமை பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றேன். வாசிக்கப் பழகியதிலிருந்து எனக்குத் தெருவில் சும்மா நிற்க முடிவதில்லை. கடைப் பெயர், லொறியின் பின்பக்கம், பாண் சுற்றிய கடதாசி, எதைக் கண்டாலும் வாய் அசைகிறது. அன்றைக்கு லைட் கம்பத்தில் புதிதாக ஒரு வெள்ளைக் கடதாசி ஒட்டியிருந்தது. மேலே சிங்களம், கீழே தமிழ். சந்தோஷமாக எழுத்துக் கூட்டத் தொடங்கினேன். முழுப் பெயரும் வந்துவிட்டது. ஒரு பிழையும் விடாமல் வாசித்த பெருமையில் இருந்த எனக்கு, அது தெரிந்த ஒருவருடைய பெயர் என்பது கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்தேன். முந்தல் மார்சலின்தான். நெஞ்சுவலி வந்து போய்விட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். புத்தளம் பஸ்ஸில் ஏற நின்றவன், அதை விட்டுவிட்டு முந்தல் பஸ்ஸில் ஏறினேன்.

மார்சலினை உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் வீட்டு டீவியை அவர் ஒரு தரமாவது திறந்திருப்பார். டீவி, கொம்பியூட்டர், இறால் பண்ணை மோட்டர், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே தோல் பைதான். தமிழையும் சிங்களத்தையும் ஒரே மூச்சில் கலந்து கதைப்பார், என்னை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார். தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவென்றால் மட்டும் வேலைக்கு வரமாட்டார். இதெல்லாம் நீங்கள் அறிந்தது. எங்கள் வீட்டில் அவர் செய்த வேலையை நீங்கள் அறியமாட்டீர்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை துருதுருக்கிறது. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

என் மகள் பரீனா கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்தை வீடியோ எடுக்கிறாள். எங்கள் முஸ்லிம் கலியாணங்களில் ஆண்கள் பக்கத்தை எந்த ஸ்டூடியோக்காரரும் எடுக்கலாம். பெண்கள் பக்கம் அப்படியில்லை. அங்கே எடுப்பவளும் பெண்ணாக இருக்க வேண்டும், எடுத்ததை வெட்டி ஒட்டிப் படமாக்குபவளும் பெண்ணாக இருக்க வேண்டும். எந்த ஆணின் கண்ணிலும் இது படாது என்று அந்த வீட்டுப் பெண்களுக்குப் பரீனா வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கெமராவையே திறப்பாள். அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள், என்பாள் அதை. பெற்ற தகப்பனான எனக்கும் அந்தத் திரையைப் பார்க்க அனுமதி கிடையாது. அவள் வேலை செய்யும் அறைக்குள் போவதென்றால் நான் வாசலில் நின்று செருமிவிட்டுத்தான் போவேன்.

கற்பிட்டிப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கலியாணம் அவளுக்குக் கிடைத்தது. அந்த வீட்டின் பெயரை நான் எழுதமாட்டேன். மணப்பெண் மாப்பிள்ளையோடு கட்டாருக்குப் போகவிருந்தாள். போவதற்கு முன் வீடியோ கையில் இருக்க வேண்டும் என்றார்கள். அந்த நேரம் பார்த்து மகளுடைய கொம்பியூட்டர் சண்டித்தனம் பண்ணத் தொடங்கியது.

டைம்லைன் என்று ஒன்று இருக்கிறது. வெட்டிய வீடியோத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைக்கும் நீளப் பட்டை அது. அதை ஓடவிட்டுப் பார்த்துத்தான் எங்கே வெட்டுவது, எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டை ஓடவில்லை, நொண்டியது. ஒரு கை மேலே தூக்கினால் அப்படியே நின்றுவிடும், பிறகு பாய்ந்து கீழே வந்திருக்கும் என்று மகள் சொன்னாள். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாமல் எப்படி வெட்டுவது? ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவள் காத்திருக்கும் நேரத்தில் நான் ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிடுவேன்.

மணப்பெண்ணின் உம்மா போன் எடுத்தார். கோபமாகக் கதைக்கவில்லை, அதுதான் பெரிய கஷ்டம். "ஏலாட்டிச் சொல்லு மகள், சிலாபத்துல ஒரு கடையில குடுத்தா ஒரே நாள்ல முடிச்சித் தருவாங்களாம். என்ன செய்யிற, பிள்ளை போகப் போகுதே," என்றார். கடையில் கொடுத்தால் அங்கே இருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள். அந்தக் கலியாணத்தில் இவள் சொல்லை நம்பி முக்காட்டை எடுத்துவிட்டு ஆடிப்பாடிய பெண்கள் அத்தனை பேர். கொடுத்தால் அவள் சொல் போய்விடும். சொல் போனால் அடுத்த கலியாணத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். என் மகளை அவளுடைய மாப்பிள்ளை விட்டுப்போனதிலிருந்து அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அந்தக் கெமராவை நம்பித்தான் சாப்பிடுகிறார்கள். அன்றைக்குத்தான் நான் மார்சலினைக் கூட்டிவரப் போனேன்.

வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நிபந்தனையைச் சொன்னேன். கொம்பியூட்டரைத் திருத்த வேண்டும், ஆனால் அதில் ஓடுவதைப் பார்க்கக் கூடாது. வேறு ஆளாக இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருப்பார். மார்சலின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஹரி, நானா. எனக்குப் பழுதுதான் வேணும், படம் வேணாம்," என்று சிங்களத்தில் சரி சொல்லித் தமிழில் முடித்தார். நான் கேட்காமலே தன்னுடைய போனை எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டார். "இது உங்களோட இருக்கட்டும். போகக்கொள்ள தாங்க."

உள்ளே போனவர் கொம்பியூட்டரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் உப்புக் காற்று எதையும் விட்டு வைக்காது என்று மகள் அந்தப் பெட்டிக்கு வெல்வெட் துணியில் உறை தைத்து, கரையில் ஜரிகை வைத்து, நாலு பக்கமும் மூடியிருந்தாள். வேலை செய்யும்போதும் கழற்றுவதில்லை. "இது கொம்பியூட்டரா மணப்பொண்ணா, மகள்? மணப்பொண்ணுக்கும் மூச்சு விட இடம் வேணுமே," என்றார். உறையைக் கழற்றி, உள்ளே இருந்த காற்றாடியைத் துடைத்தார். உப்பும் தூசியும் சேர்ந்து பிட்டு மாதிரி உதிர்ந்தது. சூடானால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று விளக்கினார். வெளியே தொங்கிக்கொண்டிருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்து வேலைக்குரியவற்றை உள்ளே இருந்த வேகமான டிஸ்க்குக்கு மாற்றச் சொன்னார். திரையில் காட்டும் படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தார்.

திருந்தியதா என்று பார்க்க ஒரு வீடியோ வேண்டும். கலியாணத்தைப் போட முடியாது. ஆண்கள் பார்க்கக் கூடிய வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பரீனா கெமராவை எடுத்து என் பக்கம் திருப்பினாள். "வாப்பா, ஏதாவது கதைங்க."

எனக்குக் கதைக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்? மன்னாரில் எங்கள் வளவுக்குள் தினமும் வந்த ஒரு கழுதையைப் பற்றித் தொடங்கினேன். தொண்ணூறில் வடக்கிலிருந்து எங்கள் ஆட்களை வெளியேற்ற, எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாங்கள் வந்தபோது அந்தக் கழுதை படலையடியில் நின்று எங்களைப் பார்த்தது வரை சொன்னேன். போதும் வாப்பா என்று மகள் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. அதைக் கொம்பியூட்டரில் போட்டார்கள். ஆற்றில் விட்ட தோணி மாதிரி ஓடியது. என் தாடி ஆடுவதுகூடத் தடங்கல் இல்லாமல் தெரிந்தது. மார்சலின் தன் போனை என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

அடுத்த நாள் காலையில் பரீனா கலியாணத்தைத் திறந்தாள். பழையபடி நொண்டியது. முகம் வெளுத்துப் போய் வெளியே வந்தாள். மார்சலின் மறுபடியும் வந்தார். என்னைப் போட்டுப் பார்த்தார், ஓடினேன். பிறகு அவரும் நானும் கதிரைகளைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். அந்நிய ஆண் ஒருவர் மகளோடு தனியே இருக்கக் கூடாது என்பதால் நான் அங்கே இருக்க வேண்டும். படத்தைப் பார்க்கக் கூடாது என்பதால் நானும் திரும்பி இருக்க வேண்டும். பெண்களின் குரலும் வெளியே கேட்கக் கூடாதென்று மகள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கலியாணத்தைத் தட்டினாள்.

"அங்கிள், வாப்பா ஓடுறார். கலியாணம்தான் ஓடுதில்ல," என்றாள் ஹெட்போனைக் கழற்றியபடி.

சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. மார்சலின் அதையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். பிறகு மெல்லிய குரலில் என்னிடம், "நானா, இதில என்ன எழுதி இருக்கு? எனக்குத் தமிழ் கதைக்கத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது," என்று கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. பார்க்கக் கூடாதவர்கள் இருவர், பார்க்கக் கூடிய ஒன்றையும் வாசிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். "நல்ல காவல்காரன்தான் நீங்க," என்றார். நூலகத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியபோது நான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்ததற்கு அந்தக் கலண்டர்தான் காரணம்.

சிரித்து முடித்ததும் அவருக்கு ஏதோ தோன்றியது. திரும்பாமலே கேட்டார். "மகள், கலியாணத்தை எடுத்தது யாரு?"

"நான்தான் அங்கிள்."

"முழுக்க நீங்களா?"

முழுக்க இல்லை என்றாள். மணப்பெண்ணின் சாச்சிமார், மாமிமார், மச்சிமார் எல்லாரும் அவரவர் போனில் எடுத்ததை அவளிடம் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் தன்னுடைய போனில்தான் நம்பிக்கை. பாதிக்கு மேல் போன் வீடியோதான். அன்றைக்கு என்னைக் கெமராவில் அல்லவா எடுத்தாள்?

மார்சலின் தொடையில் ஓங்கித் தட்டினார். "நானாவைப் போன்ல எடுங்க, மகள்."

கழுதைக் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். கொம்பியூட்டரில் போட்டாள். நான் வாயைத் திறந்தேன், அப்படியே நின்றேன். சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பிறகு என் முகம் குதித்து வேறிடத்துக்கு வந்தது. கழுதையைக் காட்டக் கையை நீட்டினேன், கழுதை வந்து போன பிறகுதான் கை வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்! பழுதாகிவிட்டது என்பதற்காக மனிதர்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பழுது இப்போது என்னிலும் இருந்தது. என்னைப் பார்க்கத் தடையில்லை. மார்சலின் கதிரையைத் திருப்பித் திரையின் முன்னால் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்ன விளக்கத்தை நான் வலை போட்டுக் கடலில் நின்றவனாக இருந்தபடியால் உடனே பிடித்துக்கொண்டேன். போன், சின்ன இடத்துக்குள் நிறைய வீடியோவை அடைக்க வேண்டும் என்பதற்காக, வலையை மடித்து மடித்துச் சாக்குக்குள் திணிப்பது போல் திணிக்கிறதாம். சும்மா பார்க்கும்போது அது வரிசையாக அவிழ்ந்து வரும். வெட்டும்போது நடுவில் ஒரு கண்ணியை மட்டும் பார்க்க வேண்டும் என்றாலும், மெஷின் வலையில் பெரும்பகுதியை அவிழ்க்க வேண்டும். பழைய மெஷினுக்கு மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

மருந்தை மகளுக்குச் சொன்னார். "நீங்க தையல் தெரிஞ்ச ஆள். பட்டுத் துணியை எடுத்த உடனே கத்திரி வைப்பீங்களா?"

"இல்ல அங்கிள். முதல்ல கடதாசியில வெட்டிப் பார்ப்பன்."

"ஓம். அதுதான். ஒவ்வொரு வீடியோவுக்கும் லேசா ஒரு கடதாசிப் பிரதி செய்யச் சொல்லுவம். புரொக்சி என்டு சொல்லுற. நீங்க வெட்டுறது ஒட்டுறது எல்லாம் அந்தப் பிரதியில. கடைசியில மெஷினே உங்கட அளவைப் பார்த்துப் பட்டுத் துணியை வெட்டிக்கொள்ளும்."

என்னுடைய வீடியோவில் செய்து காட்டினார். என் முகம் கொஞ்சம் மங்கலாகியது, ஆனால் வாயும் கழுதையும் ஒன்றாக வந்தன. பிறகு கலியாண வீடியோக்கள் எல்லாவற்றுக்கும் பிரதி எடுக்க விட்டோம். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் போய்விட்டு வந்தேன், மெஷின் இரைந்துகொண்டே இருந்தது. மார்சலின் எங்கள் வீட்டுத் தென்னைக்குக் கீழே பாயில் கிடந்து ஒரு தூக்கம் போட்டார். வெயில் சாயும் நேரத்தில் மகள் முடிந்துவிட்டது என்றாள். மறுபடியும் இரண்டு கதிரைகள், சுவர், கலண்டர். மகள் காதில் மாட்டிக்கொண்டாள்.

இந்த இடத்தை எழுத நான் முதல் வரியிலிருந்து காத்திருக்கிறேன்.

முன்பெல்லாம் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டுத்தான் கேட்கும். பிறகு ஒன்றும் இருக்காது. நெடுநேரம் கழித்து ஒரு பெருமூச்சு, இன்னொரு தட்டு. அன்றைக்குத் தட்டினாள். உடனே அடுத்த தட்டு. பிறகு மூன்று நாலு தட்டுகள் அடுக்கடுக்காக. கொஞ்சம் நின்றது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு தையல் மெஷின் ஓடுவது போல் தடதடவென்று போனது. ஓடுகிறதா மகள் என்று நான் கேட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. மார்சலின் என் கையைப் பிடித்தார்.

"பேச வேணாம் நானா. பிள்ளை வேலையைத் தொடங்கிட்டா," என்றார்.

திரும்பிப் பார்க்க அவருக்கு ஒரு கணம் போதும். தான் திருத்தியது ஓடுவதைத் தன் கண்ணால் பார்க்க எந்தத் தொழிலாளிக்குத்தான் ஆசை இருக்காது? கலண்டரைப் பார்த்தபடியே, சின்னப் பிள்ளை மாதிரிக் காலை ஆட்டிக்கொண்டு, அந்தத் தட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இரண்டு கால்களையும் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

ஒரு சின்ன ஆபத்து பிறகும் வந்தது. மணப்பெண் புறப்படுவதற்கு முதல் நாள் மகள் எல்லாவற்றையும் முடித்து, முழு வீடியோவாக வெளியே எடுத்தாள். பார்த்தால் பனி மூடியது போல் மங்கல். அழாக்குறையாக மார்சலினுக்குப் போன் எடுத்தாள். அவர் முந்தலில் ஒரு இறால் பண்ணையில் நின்றார். மோட்டர் இரைச்சலில் அவர் கத்திய கத்தல் எனக்கும் கேட்டது. "கடதாசிச் சட்டையைப் போட்டுப் பிள்ளையைக் கட்டாருக்கு அனுப்பப் பார்க்கிறீங்களா, மகள்?" பிரதியை நிறுத்திவிட்டு மூல வீடியோவிலிருந்து எடுக்கும்படி மாற்ற ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அதைச் சொல்லிக் கொடுத்தார். மறுநாள் காலையில் பரீனா கற்பிட்டிக்குப் போய், மணப்பெண்ணின் உம்மாவின் கையிலேயே கொடுத்தாள். பெண்கள் கதவைப் பூட்டிக்கொண்டு பார்த்தார்களாம். அந்த வீட்டின் அடுத்த மூன்று கலியாணங்களும் என் மகளுக்கே வந்தன.

முந்தலுக்குப் போன அன்று மார்சலினுடைய வீட்டு வாசலில் வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தன. உள்ளே அவரைக் கிடத்தியிருந்தார்கள். தொப்பி இல்லாத அவரை அடையாளம் கண்டுகொள்ளவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவருடைய மனைவியிடம், பாலாவிப் பக்கத்திலிருந்து வருகிறேன், மகள் வீடியோ வேலை செய்கிறாள் என்று சொன்னேன். அந்தப் பெண்மணி அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"ஒரு நாள் வந்து சொன்னார் நானா, இன்டைக்கு ஒரு கலியாணத்தைப் பார்க்காமலே திருத்தினன் என்டு. சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். எந்த வீடு என்டு கேட்டன். அது சொல்லுற கதையில்ல என்டுட்டார். எத்தனையோ தரம் கேட்டன், சாகும் வரைக்கும் சொல்லல்ல. அது உங்கட வீடா?"

ஓம் என்றேன். என் மகளுடைய வாக்கை அவள் மட்டும்தான் காத்தாள் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவருடைய மதமும் வேறு, ஊரும் வேறு. யாரும் அவரிடம் வாக்குக் கேட்கவில்லை. சொல்ல வேண்டாம் என்றுகூட நாங்கள் சொன்னதில்லை. படம் பார்க்காதவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டோம். கட்டிய மனைவியிடம்கூட எங்கள் வாசலைக் காட்டிக் கொடுக்காமல் அவர் போயிருக்கிறார். மார்சலினிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். ஆகவே அந்தக் கற்பிட்டி வீட்டின் பெயர் என் பேனாவிலிருந்தும் வராது. யாரும் என்னை மடக்கிக் கேட்க வேண்டாம்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அவர் அங்கே என்னதான் செய்தார், எனக்குச் சொல்லுங்கள் என்று அவருடைய மனைவி கேட்டார். வெல்வெட் உறையைச் சொல்லத் தொடங்கினேன், அழுத முகத்தில் சிரிப்பு வந்தது. அதற்குள் பாதிரியார் ஜெபத்துக்கு வந்துவிட்டார், எல்லாரும் எழுந்துவிட்டோம். மிச்சத்தைக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவருக்கும் தமிழ் வாசிக்க வராதாம். ஆகவே அடுத்த கிழமை இதைவிட நேரான எழுத்தில், அவர் சிரிக்கக் கூடிய இடங்களை இன்னும் கொஞ்சம் நீட்டி எழுதி எடுத்துக்கொண்டு, முந்தலுக்குப் போய் அவருக்கு முன்னால் உட்கார்ந்து நானே வாசித்துக் காட்டப் போகிறேன்.